வாலையில் ஏறும் வாசனை

பெங்களூரிலிருந்து கோலார் தங்கவயலுக்கு வருகிற ரயில் மாரிகுப்பத்தோடு நின்றுவிடும். தங்கம் இங்கேயே இருந்ததால் அதற்கு அப்பால் தண்டவாளம் போட வெள்ளைக்காரக் கம்பெனிக்குத் தேவை இருக்கவில்லை. 1880-ல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் வந்ததிலிருந்து, 2001 பிப்ரவரி 28 அன்று பாரத் கோல்டு மைன்ஸ் மூடப்பட்டது வரை, வட ஆர்க்காட்டிலிருந்தும் தர்மபுரியிலிருந்தும் வந்த தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக இந்த மண்ணுக்குள் இறங்கி ஏறின. அவர்கள் வெட்டிக் கொண்டுவந்த பாறையிலிருந்து தங்கத்தைப் பிரித்த பழைய முறை ஒன்று உண்டு. இந்தக் கட்டுரை அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

பாறையை ஸ்டாம்ப் மில்லில் இடித்து மாவாக்குவார்கள். அதைத் தண்ணீரில் கரைத்து, பாதரசம் பூசிய செம்புத் தகடுகளின் மேல் ஓடவிடுவார்கள். தங்கத் துகள் பாதரசத்தோடு ஒட்டிக்கொள்ள, மண் வழிந்து போய்விடும். தகட்டைச் சுரண்டி எடுத்த ரசக்கலவையைத் தோலில் கட்டிப் பிழிந்து, மிஞ்சிய கட்டியை இரும்பு ரிட்டார்ட்டுக்குள் போட்டு அடியில் தீ மூட்டுவார்கள். 357 டிகிரி செல்சியஸில் பாதரசம் ஆவியாகும். அந்த ஆவி குழாய் வழியே போய்த் தண்ணீரில் குளிர்ந்து மறுபடி பாதரசமாகி, அடுத்த தகட்டுக்குப் பூசத் தயாராகிவிடும். ரிட்டார்ட்டின் அடியில் பொத்தல் பொத்தலான தங்கக் கட்டி தங்கியிருக்கும். பின்னாளில் சயனைடு முறை வந்து இந்த வேலையின் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டது. அந்தச் சயனைடு மண்தான் இன்று ஊரைச் சுற்றி மலை மலையாகக் கிடக்கிறது.

ஆவியாக்கி, குளிரவைத்து, பிடித்துக்கொள்வது. வடித்தல் என்பது இவ்வளவே. நம் சித்த மருத்துவர்கள் இதற்கு வைத்திருந்த கருவியின் பெயர் வாலை. அதிலிருந்து இறக்கியது தீநீர். பாதரசத்தை வடிக்கிற விதியும் ஓமத்தை வடிக்கிற விதியும் சாராயத்தை வடிக்கிற விதியும் ஒன்றுதான், ஆனால் வேலையின் கடினம் மாறுகிறது. தங்கம் ஆவியாக 2,800 டிகிரிக்கு மேல் வேண்டும். அதற்கும் பாதரசத்துக்கும் நடுவே இரண்டாயிரத்துச் சொச்சம் டிகிரி இடைவெளி இருப்பதால் ரிட்டார்ட்டில் குழப்பமே வராது. ஆல்கஹால் 78.4 டிகிரியில் கொதிக்கிறது, தண்ணீர் 100-ல். வெறும் 22 டிகிரி இடைவெளி. போதாக்குறைக்கு அவை இரண்டும் ஒன்றையொன்று விடாமல் பற்றிக்கொள்ளும் பொருள்கள். எனவே திராட்சை மதுவைக் கொதிக்க வைத்தால் எது மேலேறும், எது கீழே தங்கும் என்பதற்கு எளிய பதில் கிடையாது. அந்தச் சிக்கலைத் தண்ணீரும் கலக்காமல் மரப்பீப்பாயிலும் ஒளிக்காமல் முழுக்க வெளியே காட்டி நிற்கிற பானம் ஒன்று தென் அமெரிக்காவில் இருக்கிறது. அதன் பெயர் பிஸ்கோ, குறிப்பாகப் பெருவில் வடிப்பது.

பெருவும் சிலியும் தமதென்று சொந்தம் கொண்டாடுகிற திராட்சைப் பிராந்தி அது. பெரும்பாலும் கண்ணாடிபோல நிறமற்று இருக்கும். எலுமிச்சைச் சாறும் சர்க்கரையும் சேர்த்து அடித்த பிஸ்கோ சவர் உலகம் முழுக்கப் போயிருக்கிறது என்றாலும், இரவுச் சாப்பாடு முடிந்த பின் சின்னக் கிளாஸில் தனியாக ஊற்றி, மோந்து பார்த்து, நிதானமாகக் குடிக்கிற பழக்கமும் அங்கே உண்டு. பிராந்தி என்றாலே பழுப்பு நிறம் என்று பழகிய நமக்கு இது புதிதாகத் தோன்றும். பழுப்பு நிறம் திராட்சையிலிருந்து வருவதில்லை, ஓக் பீப்பாயிலிருந்தோ, கருக்கிய சர்க்கரையிலிருந்தோ வருகிறது.

பிஸ்கோவின் கதையிலும் சுரங்கம் உண்டு. இன்றைய பொலிவியாவில், நாலாயிரம் மீட்டர் உயரத்தில், 1545-ல் பொட்டோசி வெள்ளிமலை கண்டுபிடிக்கப்பட்டது. பெருவின் வான்கவெலிக்கா சுரங்கத்திலிருந்து பாதரசம் அங்கே போனது. வெள்ளியையும் பாதரசத்தில் ஒட்டவைத்துத்தான் பிரித்தார்கள். மலை உச்சியில் திராட்சை விளையாது. அங்கே குவிந்த மக்களுக்கு வேண்டிய மது, பசிபிக் கரையோரப் பாலைவனத்தில் ஆற்றுநீர் பாய்கிற பள்ளத்தாக்குகளிலிருந்து ஏறியது. ஸ்பானியர்கள் அங்கே கொடி நட்டிருந்தார்கள். 1600 பிப்ரவரியில் வைனாபுட்டினா எரிமலை வெடித்து மொக்கேகுவா பள்ளத்தாக்கைச் சாம்பலில் மூடியது. தோட்டக்காரர்கள் மறுபடி நட்டார்கள்.

மதுவில் 12, 13 சதவீதம்தான் ஆல்கஹால், மற்றதெல்லாம் பெரும்பாலும் தண்ணீர். உள்ளே கீல் பூசிய மண்ஜாடிகளில் அதை நிரப்பிக் கோவேறு கழுதை முதுகில் ஏற்றி ஆண்டிஸ் மலையைத் தாண்டுவதென்றால், கழுதை சுமப்பது தண்ணீரைத்தான். வழியில் வெயிலில் புளித்துவிடும் பயமும் உண்டு. அதையே வடித்துக் கொண்டுபோனால் ஒரு ஜாடியில் ஏறக்குறைய நாலு ஜாடி மதுவின் ஆல்கஹால் அடங்கிவிடும், கெட்டும் போகாது. 18-ஆம் நூற்றாண்டில் தெற்குப் பெருவின் தோட்டங்கள் மதுவை விட்டுப் பிராந்திக்கு மாறியதற்குப் பெரிய காரணம் இந்தச் சுமைக்கணக்கு. 1849-க்குப் பிறகு கலிபோர்னியாவில் தங்கம் தேடி ஓடியவர்களோடு கப்பலேறி பிஸ்கோ சான் பிரான்சிஸ்கோ மதுக்கடைகளிலும் பேர் வாங்கியது.

உழைப்பு கடினமான இடங்களைத் தேடிச் சாராயம் வருவதை மாரிகுப்பத்துக்காரர்களுக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே போனது. அடியில் பாறையின் சூடு 60 டிகிரிக்கு மேல். ஷிஃப்ட் முடிந்து மேலே வருகிறவரின் உடம்பிலிருந்து வியர்வையாக லிட்டர் கணக்கில் நீர் போயிருக்கும். அந்த உடம்பு சிறுநீரைக் குறைத்து நீரைத் தேக்கிவைக்க வாசோபிரெசின் என்ற ஹார்மோனைச் சுரக்கும். ஆல்கஹால் அந்த ஹார்மோனைத்தான் முதலில் அடக்குகிறது. அலுப்பு தீரக் குடித்தவரிடமிருந்து மிச்சமிருந்த நீரும் கழிந்துபோகும். இதை அன்றைக்குத் தொழிலாளர்களின் லைன் வீடுகளில் யாராவது உட்கார்ந்து விளக்கியிருக்க வேண்டும் என்ற ஆதங்கம் எனக்கு இன்றும் உண்டு.

இனி வாலைக்குள் போவோம். ஆல்கஹால் 78 டிகிரியில் கொதிக்கிறது என்பதால் மதுவும் 78-ல் கொதிக்கும் என்று நினைக்கிறோம். 12 சதவீத மது கொதிக்கத் தொடங்குவது ஏறக்குறைய 91 டிகிரியில். முதலில் எழும் ஆவியில் ஆல்கஹாலின் பங்கு 55-லிருந்து 60 சதவீதம் வரை இருக்கும். பாத்திரத்தில் ஆல்கஹால் குறையக் குறைய கொதிநிலை ஏறும், வருகிற ஆவியின் காரமும் இறங்கிக்கொண்டே வரும். கடைசியில் வருவது மங்கலான, வீச்சமடிக்கிற தண்ணீர்.

பெருவில் வாலைக்காரர்கள் இந்த ஓட்டத்தை மூன்றாகப் பிரிக்கிறார்கள்: தலை, உடல், வால். தலையில் அசிட்டால்டிஹைடும் எத்தில் அசிடேட்டும் அதிகம். பசை டப்பாவைத் திறந்ததுபோல் மூக்கில் அடிக்கும். அதைத் தனியே ஒதுக்குவார்கள். வாலில் கனமான ஆல்கஹால்களும் கொழுப்பு அமிலங்களும் வரும், அதையும் நிறுத்திவிடுவார்கள். நடுவில் வரும் உடல்தான் பிஸ்கோ. உலகின் பெரும்பாலான சாராயங்களை அதிகக் காரத்தில் வடித்துப் பின்னால் தண்ணீர் சேர்த்து இறக்குவார்கள். சிலியிலும் அப்படிச் செய்யலாம். பெருவின் சட்டம் அதற்கு இடம் தருவதில்லை. ஒரே முறை வடிக்க வேண்டும், ஒரு சொட்டு நீரும் சேர்க்கக் கூடாது, வாலையிலிருந்து இறங்குவதே 38-லிருந்து 48 சதவீதத்துக்குள் நிற்க வேண்டும். பிறகு குறைந்தது மூன்று மாதம் கண்ணாடி, எஃகு போன்ற, தன் வாசனையைக் கொடுக்காத பாத்திரத்தில் ஆறவேண்டும். பீப்பாய் கூடாது.

இந்தச் சட்டத்தின் அழகே அதன் கண்டிப்பில் இருக்கிறது. வாலை எப்போது நிறுத்தப்படுகிறதோ அதுவே காரத்தையும் சுவையையும் ஒருசேர முடிவு செய்துவிடுகிறது. சீக்கிரம் நிறுத்தினால் காரம் 48-ஐத் தாண்டி நிற்கும். தாமதித்தால் வால் உள்ளே வந்துவிடும். தப்பை மறைக்கப் பின்னால் தண்ணீரும் இல்லை, மரமும் இல்லை. ஒரு லிட்டருக்கு ஏழெட்டு கிலோ திராட்சை போகும். புளிப்பு முடியாமல், சர்க்கரை மிச்சமிருக்கும்போதே வடிக்கிற ஒரு வகையும் உண்டு. அதற்கு ‘மொஸ்தோ வெர்தே’ என்று பெயர். சர்க்கரை ஆவியாகாது, எனவே பானம் இனிக்காது. ஆனால் அதே அளவு ஆல்கஹாலுக்கு இன்னும் அதிகப் பழம் போவதால் வாசனை கெட்டியாகிவிடும்.

வாலையைச் செம்பில் செய்வதும் வெறும் வழக்கத்துக்காக அல்ல. ஈஸ்ட் உண்டாக்குகிற கந்தகச் சேர்மங்கள் அழுகிய முட்டை வீச்சம் கொண்டவை. சூடான செம்பின் மேல் பட்டதும் அவை அதோடு சேர்ந்து படிந்துவிடும்.

மெத்தனால் என்ற நச்சு ஆல்கஹாலைப் பற்றி இந்த இடத்தில் விரிவாகப் பேசாமல் போவது குற்றம். 1981 ஜூலையில் பெங்களூரில் விஷச் சாராயம் குடித்து முந்நூறுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். கர்நாடகம் 2007 ஜூலையில் பாக்கெட் சாராயத்தைத் தடை செய்தது. 2008 மே மாதம் பெங்களூர், கோலார், கிருஷ்ணகிரி பகுதிகளில் நூற்றுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியிலும் இதே கதை. இந்தச் சாவுகளைப் பற்றிப் பேசும்போதெல்லாம் “தலையைச் சரியாகக் கொட்டாமல் காய்ச்சியிருப்பான்” என்று சொல்லக் கேட்கிறோம். இது தவறான விளக்கம், ஆபத்தான விளக்கமும்கூட.

பழத்தோலிலும் சதையிலும் உள்ள பெக்டின் உடையும்போது கொஞ்சம் மெத்தனால் தானாகவே உண்டாகும். எல்லாப் பழச் சாராயத்திலும் அது இருக்கும், பிஸ்கோவிலும் உண்டு. தனியாக வைத்தால் 64.7 டிகிரியில் கொதிப்பதால் அது முழுக்கத் தலையில் வந்துவிடும் என்று தோன்றும். தண்ணீரும், இதுவரை ஆல்கஹால் என்று நாம் சொன்ன எத்தனாலும் கலந்த பாத்திரத்தில் அது அப்படி நடந்துகொள்வதில்லை. தண்ணீரை இறுகப் பற்றிக்கொண்டு தலை, உடல், வால் மூன்றிலும் பரவி வருகிறது. திராட்சைப் பிராந்தியில் அதன் அளவு சிறியது. 100 லிட்டர் தூய ஆல்கஹாலுக்கு 200 கிராம் என்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் வரம்பு. அந்த அளவில், கூடவே இருக்கும் எத்தனால் கல்லீரலின் நொதியை முதலில் பிடித்துக்கொள்வதால் மெத்தனால் மெல்ல வெளியேறிவிடுகிறது.

பெங்களூரிலும் கள்ளக்குறிச்சியிலும் கொன்றது வேறு. பெயிண்டுக்கும் கரைப்பானுக்கும் பயன்படுகிற தொழிற்சாலை மெத்தனாலைச் சாராயத்தில் கலந்து விற்றார்கள். தூய மெத்தனால் 10 மில்லி பார்வையைப் பறிக்கலாம், 30 மில்லி உயிரையே பறிக்கலாம். கல்லீரல் அதை ஃபார்மால்டிஹைடாகவும் பிறகு ஃபார்மிக் அமிலமாகவும் மாற்றுகிறது. அமிலம் பார்வை நரம்பைத் தாக்கும். இதற்குப் பன்னிரண்டு மணி நேரம், ஒரு நாள்கூட ஆகலாம். அதற்குள் போதை தெளிந்து ‘ஒன்றுமில்லை’ என்று வீட்டில் படுத்துவிடுகிறார்கள். கண் மங்குகிறது, எல்லாம் பனிமூட்டமாகத் தெரிகிறது என்றால் ஒரு நிமிடம் தாமதிக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். ஃபோமெபிசோல் என்ற மாற்றுமருந்தோ, கண்காணிப்பில் கொடுக்கப்படும் எத்தனாலோ நொதியை மறித்துவிடும், டயாலிசிஸ் மிச்சத்தைக் கழுவி எடுக்கும். சாராயத்தைப் பற்றவைத்து நீலச் சுவாலை வந்தால் நல்ல சரக்கு என்று பார்க்கிற பழக்கம் எதையும் காட்டிக்கொடுக்காது. மெத்தனாலும் நன்றாகவே எரியும்.

இனி வாசனைக்கு வருகிறேன். எனக்குப் பிஸ்கோவில் ஈடுபாடு வந்ததே இதனால்தான்.

பெருவில் பிஸ்கோ வடிக்க எட்டுத் திராட்சை வகைகளுக்கு மட்டுமே அனுமதி. கெப்ராந்தா, நெக்ரா கிரியோயா, மொய்யார், உவினா ஆகிய நான்கும் மணம் குறைந்தவை. இத்தாலியா, மொஸ்காத்தெல், அல்பியா, தொரொந்தெல் ஆகிய நான்கும் மணமுள்ளவை. இவற்றில் இத்தாலியா என்று பெருவில் அழைக்கப்படுவது, மத்திய தரைக்கடல் பகுதியில் பழங்காலந்தொட்டு விளையும் மஸ்கட் ஆஃப் அலெக்ஸாண்ட்ரியா. அந்தத் திராட்சையைக் கறுப்புத் திராட்சை வகை ஒன்றோடு சேர்த்து ஐரோப்பாவில் உருவாக்கிய பிள்ளைதான் மஸ்கட் ஹாம்பர்க். அதுவே நம் தேனி மாவட்டம் கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சை. 1832-ல் பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் கொண்டுவந்தார் என்று அந்தப் பகுதியில் சொல்கிறார்கள். பிஸ்கோவின் முக்கியமான திராட்சை ஒன்றின் நேர்ப் பிள்ளை நம் தள்ளுவண்டிகளில் கிலோ கணக்கில் விற்கிறது.

பன்னீர் திராட்சை ஒன்றை எடுத்துத் தோலை மட்டும் விரலால் நசுக்கி மோந்து பாருங்கள். ரோஜா மணம் வரும். அது தோலை ஒட்டியே இருக்கிறது, சதையில் குறைவு. அந்த மணம் லினலூல், ஜெரானியால், நெரோல் என்ற டெர்பீன்களால் வருகிறது. ரோஜாவிலும் ஜெரானியால் உண்டு, அதனால் பன்னீர் என்று நம்மவர்கள் வைத்த பெயர் வேதியியல்படியும் சரி. மற்றத் திராட்சைகள் ஏன் இப்படி மணப்பதில்லை? டெர்பீன் தயாரிப்புச் சங்கிலியின் முதல் வாயிலில் நிற்கிற நொதி ஒன்றில், 284-ஆவது இடத்தில் லைசின் இருக்க வேண்டும். மஸ்கட் வகைகளில் அங்கே அஸ்பராஜின் உட்கார்ந்திருக்கிறது. அந்த ஒரே மாற்றத்தால் நொதி வேகம் கூடி, டெர்பீன்கள் பெருகிவிடுகின்றன. இத்தாலியாவில் இருக்கும் அதே மாற்றம் வாரிசு வழியாகக் கம்பம் வரை வந்திருக்கிறது.

இங்கே ஒரு கேள்வி எழ வேண்டும். லினலூல் கொதிப்பது 198 டிகிரியில், ஜெரானியால் 230-ல். வாலையோ 100-ஐத் தாண்டுவதில்லை. பிறகு எப்படி அவை மேலேறி வருகின்றன? விடை நம் வீட்டு அலமாரியிலேயே இருக்கிறது: ஓமத் தீநீர், ஓமவாட்டர். விருந்து முடிந்து வயிறு பொருமினால் ஒரு மூடி குடிக்கிறோமே, அதில் மணப்பது தைமால். அதன் கொதிநிலை 232 டிகிரி. ஆனாலும் ஓமத்தைத் தண்ணீரில் போட்டு வடித்தால் தைமால் வந்துவிடுகிறது. எண்ணெய்த் தன்மை கொண்ட இந்தப் பொருள்களுக்குத் தண்ணீரோடு ஒட்டாது. தண்ணீர் அவற்றைத் தன்னிடம் இருக்கவிடாமல் வெளியே தள்ளும். எழுந்து போகிற நீராவி அவற்றையும் இழுத்துக்கொண்டு போகும். கொதிநிலையை மட்டும் பார்த்தால் புரியாத இந்த விஷயம், யார் யாரோடு ஒட்டுகிறார்கள் என்று பார்த்தால் புரிந்துவிடும். தண்ணீரைப் பிடித்துக்கொள்கிற மெத்தனால், குறைந்த கொதிநிலை இருந்தும் கடைசி வரை இழுத்தடிக்கிறது. தண்ணீர் விரட்டுகிற லினலூல், 198 டிகிரி கொதிநிலையோடும் ஓட்டத்தின் முற்பகுதியிலேயே வந்துவிடுகிறது.

இன்னொரு நுட்பமும் உண்டு. திராட்சையில் டெர்பீன்களில் பெரும்பங்கு சர்க்கரை மூலக்கூறோடு கட்டுண்டு கிடக்கிறது. அந்த நிலையில் அவற்றுக்கு மணமே கிடையாது. வாலையின் சூட்டிலும் சாற்றின் புளிப்பிலும் அந்தக் கட்டு அவிழ்ந்து புதிதாக மணம் பிறக்கிறது. பழத்தைத் தின்னும்போது மூக்குக்கு எட்டாத பங்கு வடித்த பிறகு எட்டுகிறது.

கோலார் பக்கத்துத் திராட்சையின் கதை வேறு. நந்தி மலையைச் சுற்றியுள்ள, 2007 வரை கோலார் மாவட்டத்தில் இருந்த சிக்கபள்ளாப்பூரிலும் பெங்களூர் புறநகரிலும் விளைவது பெங்களூர் புளூ. தங்கவயலின் ராபர்ட்சன்பேட்டை மார்க்கெட்டில் கறுப்புத் திராட்சை என்றால் பெரும்பாலும் இதுதான். தோல் தனியே வழுக்கி வரும், உள்ளே விதை, புளிப்பும் இனிப்பும் சேர்ந்த சாறு. ஐரோப்பிய வினிஃபெராவும் அமெரிக்க லப்ருஸ்காவும் கலந்த இஸபெல்லா வகை இது. லப்ருஸ்கா வழியில் வருகிற மணத்தின் முக்கியமான சேர்மம் மீதைல் ஆந்த்ரனிலேட். திராட்சை மிட்டாய்க்கும் சோடாவுக்கும் போடுகிற வாசனை அதுதான். பறவைகளை விரட்டவும் அதைத் தெளிக்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் இஸபெல்லாவிலிருந்து மது செய்து விற்கத் தடை உண்டு. ஜூஸுக்கும் ஜாமுக்கும் இது அருமையான பழம். வாலைக்கு எதைப் போடலாம் என்று என்னைக் கேட்டால் யோசிக்காமல் கம்பத்துப் பன்னீரைத்தான் சொல்வேன்.

சாப்பாட்டுக்குப் பிறகு பிராந்தி குடித்தால் செரிக்கும் என்ற நம்பிக்கை ஆண்டிஸ் மலையிலும் உண்டு, நம் ஊரிலும் உண்டு. சூரிச்சில் இதைச் சோதித்தார்கள். பாலாடைக்கட்டி உருக்கிச் செய்த கனமான உணவை இருபது பேருக்குக் கொடுத்து, சிலருக்குத் தேநீர், சிலருக்கு ஒயின், பின்பு சிலருக்குப் பழச்சாராயம், சிலருக்குத் தண்ணீர் என்று மாற்றி மாற்றித் தந்து வயிறு எவ்வளவு சீக்கிரம் காலியாகிறது என்று அளந்தார்கள். 2010-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் முடிவு வந்தது. ஆல்கஹால் குடித்தவர்களின் வயிறு தாமதமாகத்தான் காலியானது. வயிற்றின் மேற்பகுதி தளர்ந்து கொடுப்பதால் இறுக்கம் குறைந்ததுபோல் தோன்றலாம், ஆனால் வேலை மெதுவாகிவிடுகிறது.

சளிக்கு ஒரு மூடி பிராந்தி, பிள்ளை பெற்றவளுக்கு இரண்டு மூடி என்ற கைவைத்தியமும் இதே வகை. குடித்ததும் தோலுக்கடியில் இரத்தக் குழாய்கள் விரிந்து உடம்பு கணகணக்கும். அந்தச் சூடு உள்ளேயிருந்து வெளியே தப்பிப் போகிற சூடு, உள்ளுடல் குளிர்ந்துகொண்டிருக்கும். கைக்குழந்தையின் நாக்கில் தடவுவதை இன்றும் சில வீடுகளில் செய்கிறார்கள். சர்க்கரை அளவு சட்டென்று இறங்கி வலிப்பு வரலாம், தயவுசெய்து வேண்டாம். பெரியவர்களுக்கும் பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது என்று உலக சுகாதார நிறுவனம் 2023-ல் சொல்லிவிட்டது. பிஸ்கோவுக்கும் அது பொருந்தும்.

பிஸ்கோ என்ற பெயர் யாருக்கு என்ற பஞ்சாயத்து சென்னைக்கு வந்த கதை பலருக்குத் தெரியாது. புவிசார் குறியீட்டுப் பதிவகம் இருப்பது கிண்டியில். டெல்லியிலுள்ள பெருவின் தூதரகம் 2005-ல் ‘பிஸ்கோ’ என்ற பெயரைப் பதிவுசெய்யக் கேட்டு அங்கே விண்ணப்பித்தது. சிலியின் உற்பத்தியாளர் சங்கம் எதிர்த்தது. பெருவுக்குப் பிஸ்கோ என்ற துறைமுக நகரமே இருக்கிறது. 1613-ஆம் ஆண்டு உயில் ஒன்றில் ஜாடி ஜாடியாகச் சாராயம் குறிப்பிடப்பட்டிருக்கிறது. சிலியும் சளைத்ததல்ல. எல்கி பள்ளத்தாக்குப் பண்ணை ஒன்றின் 1733-ஆம் ஆண்டுச் சொத்துப்பட்டியலில் பிஸ்கோ ஜாடிகள் இருக்கின்றன. 1931-லேயே சட்டம் போட்டு அட்டகாமா, கோக்கிம்போ பகுதிகளை வரையறுத்தது. 1936-ல் ஒரு கிராமத்துக்குப் பிஸ்கோ எல்கி என்று பெயர் சூட்டியது.

2009-ல் பதிவகம் ‘பெருவியன் பிஸ்கோ’ என்று அடைமொழியோடு பதிந்தது. பெரு மேல்முறையீடு செய்ய, 2018-ல் அறிவுசார் சொத்துரிமை மேல்முறையீட்டு வாரியம் அடைமொழியை நீக்கி, வெறும் ‘பிஸ்கோ’வைப் பெருவுக்கே கொடுத்தது. வழக்கு டெல்லி உயர்நீதிமன்றம் போனது. 2025 ஜூலையில் நீதிமன்றம் வாரியத்தின் ஆணையை ரத்து செய்து, பெருவியன் பிஸ்கோ, சிலியன் பிஸ்கோ என்று அடைமொழியோடு இரண்டும் இந்தியாவில் இருக்கலாம் என்றது. இரண்டு ஊரும் நெடுங்காலமாக ஒரே பெயரைப் பயன்படுத்தினால் குழப்பம் வராதபடி இரண்டுக்கும் இடம் தர நம் சட்டத்தில் வழி இருக்கிறது. வேதியியல் தெரிந்தவனாக எனக்கு இந்தத் தீர்ப்பு நியாயமாகவே படுகிறது. தண்ணீர் கலப்பதும் கலக்காததும், மரம் தொடுவதும் தொடாததும் வேறு வேறு பானங்கள். அடைமொழி அந்த வேறுபாட்டைக் குடிப்பவருக்குச் சொல்லிவிடுகிறது.

அதே கிண்டிப் பதிவகத்தில் பெங்களூர் புளூவும் பதிவாகியிருக்கிறது, 2023-ல் கம்பம் பன்னீர் திராட்சையும் பதிவானது. இரண்டும் பழமாக. தென்னிந்தியா இவ்வளவு பிராந்தி குடிக்கிற பகுதியாக இருந்தும், நம் கடைகளில் விற்கிற பிராந்தியில் பெரும்பகுதிக்கும் திராட்சைக்கும் ஏறக்குறைய உறவே இல்லை. கரும்பாலைக் கழிவுப்பாகிலிருந்து வடித்த வாசனையற்ற ஸ்பிரிட்டில் கொஞ்சம் திராட்சைப் பிராந்தி சேர்த்து, கருக்கிய சர்க்கரையில் நிறமேற்றி பாட்டிலில் அடைக்கிறார்கள். கலப்புப் பிராந்திக்கு நம் உணவுப் பாதுகாப்பு விதி கேட்பது குறைந்தது 2 சதவீதத் திராட்சைப் பிராந்தி.

22 காரட் தங்க நகையை 916 முத்திரை இல்லாமல் நகைக்கடையில் விற்க நம் நாட்டின் பல மாவட்டங்களில் சட்டம் அனுமதிப்பதில்லை. அந்த எண்ணின் அருமை இந்தச் சுரங்க ஊர் மக்களுக்கு நன்றாகத் தெரியும். பிராந்தி பாட்டிலின் லேபிளிலும் திராட்சை மரியாதையாகக் கொத்துக் கொத்தாக வரைந்திருக்கிறது. அந்தப் படத்துக்குப் பக்கத்தில், உள்ளே இருக்கும் ஆல்கஹாலில் எத்தனை சதவீதம் திராட்சையிலிருந்து வந்தது, எந்தத் திராட்சை, எந்த ஊர் என்ற மூன்று விவரங்களையும் கண்ணுக்குத் தெரிகிற எழுத்தில் அச்சிடச் சொல்லி விதி வர வேண்டும். 2 என்றால் 2 என்று போடட்டும். 100 என்று போடக்கூடியவர் எவராவது கம்பத்திலிருந்து கிளம்பி வந்தால், அவருக்கு அந்த எண்ணைவிடப் பெரிய விளம்பரம் தேவைப்படாது.